மஹ்ரூப் பாஸின் காது

தில்லையடியில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் தையல் சொல்லிக்கொடுத்தவள் வாய் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது? ஆனால் பக்கத்து வீட்டு உம்மு குல்சூமின் விஷயத்தில் மட்டும் நான் பல வருடங்களாக வாயைத் திறக்கவில்லை. இனிச் சொன்னால் பரவாயில்லை என்று அவளே சொல்லிவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலி. அந்தப் பக்கம் ஒரு நட்டு விழுந்தாலும் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். யுத்தத்தின் நடுவே தொண்ணூறில் முஸ்லிம்களெல்லாம் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டபோது வந்து, ஒரே அகதி முகாமில் கிடந்து, பிறகு ஒரே ஒழுங்கையில் காணி வாங்கியவர்கள் நாங்கள். சண்டை முடிந்ததும் ஒழுங்கையில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். உம்மு குல்சூமின் புருஷன் மஹ்ரூப் மறுத்துவிட்டார். “அங்க போய் ஆர்ட வண்டியத் திருத்துற? என்னத் தேடி வாற சனம் இங்கதானே இருக்குது” என்றார்.

அது வெறும் சாட்டு இல்லை. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அவரிடம்தான் வருவார்கள். தென்னந்தோட்டக்காரர், மீன் வியாபாரி, முந்தலில் இறால் பண்ணை வைத்திருந்தவர் என்று எல்லாச் சாதி ஆட்களும் வருவார்கள். வண்டி திருத்துகிற மேஸ்திரியை எங்கள் பக்கம் பாஸ் என்போம்; அவர் மஹ்ரூப் பாஸ். புது வண்டியை அவர் தொடவே மாட்டார். வீட்டுக்குப் பின்னால், குசினி யன்னலுக்கு நேர் எதிரே, நாலு தூண் நட்டுத் தகரம் வேய்ந்த ஒரு கொட்டில்தான் அவருடைய கராஜ். அதற்குள் எஞ்சின்கள் சாக்கின் மேல் பிரித்துக் கிடக்கும். அவரும் அவற்றின் நடுவே சம்மணம் கட்டி உட்கார்ந்திருப்பார்.

இனி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மஹ்ரூப் பாஸுக்குக் காது கேட்காது.

முகாமில் இருந்த காலத்தில் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. பகல் முழுவதும் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் இருந்து முதலில் ஒரு காது போனது. கொஞ்ச வருடத்தில் மற்றதும் அதன் பின்னால் போய்விட்டது. பழைய வண்டி திருத்துகிறவனுக்குக் கையை விடக் காதுதான் முக்கியம். எஞ்சின் தனக்கு எங்கே நோகிறது என்று சத்தத்தில்தான் சொல்லும். மஹ்ரூப் ஒரே ஒரு பெயருக்குத்தான் பயந்தார்: செவிட்டு பாஸ். அந்தப் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் பிறகு ஆர் வண்டி கொண்டு வருவான் என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

ஆகவே உம்மு குல்சூம் அவருக்குக் காதானாள். எஞ்சினை இயக்கிவிட்டு அவர் குசினி யன்னலைப் பார்ப்பார். அவள் கையை வெளியே நீட்டுவாள். கை மேலே போனால் கூட்டு, கீழே வந்தால் குறை, விரல்களைப் பொத்தினால் சரி. இந்த ஏற்பாடு நீண்ட காலம் நடந்தது. ஆரம்பத்தில் இன்ன சத்தம் இன்ன நோய் என்று தெரியாமல் தடுமாறியவள், பிறகு ஒழுங்கையில் போகிற வண்டிக்கே நோய் சொல்லத் தொடங்கினாள். பகலில் ஆட்கள் இல்லாத வேளையில் கொட்டிலுக்குள் போய் அவரோடு சேர்ந்து பிரித்துப் பூட்டவும் பழகினாள். அவரை நானா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற வாடிக்கைக்காரர் யாராவது அந்தக் கையைக் கண்டு “என்ன நானா, அக்கா கூப்பிடுறாவா?” என்று கேட்டால், மஹ்ரூப் அவர்களுடைய வாயசைவைப் பார்த்து, “தேத்தண்ணி ஊத்தியாச்சாம்” என்பார். சொன்னதற்காகத் தேத்தண்ணியும் வரும். அந்த வீட்டில் சீனி எப்படிக் கரைந்தது என்று எனக்குத் தெரியும்.

கரையோர ஊரான உடப்பிலிருந்து தவச்செல்வன் கொண்டுவந்த பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்தான் அவர் கடைசியாகக் கையில் எடுத்த வேலை. தவச்செல்வன் இரண்டு படகு வைத்திருப்பவர். அவருடைய தகப்பன் சின்னத்துரை அந்த வண்டியின் பின்னால் மீன்பெட்டி கட்டிக்கொண்டு கரையோரமெல்லாம் ஓடியவர். அவர் போன பிறகு வண்டி இறால் பண்ணைக் கொட்டில் ஒன்றில் கிடந்து உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்தது. சில்லுக் கம்பிகளைத் தொட்டால் துருவாக உதிரும். ஆடித் தீமிதிக்கு வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் குடும்பத்தோடு வருகிறார்களாம். கோயில் வீதியில் அப்பாவின் வண்டி ஓடவேண்டுமாம். மஹ்ரூப் வண்டியைச் சுற்றிவந்து, குந்தியிருந்து பார்த்து, “ஓடும்” என்று ஒரே சொல்லில் வாக்குக் கொடுத்தார்.

இறுகிப்போன பிஸ்டனை டீசலில் ஊறவைத்துக் கழற்றினார்கள். பெற்றோல் தாங்கிக்குள் சிறு கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தலையிடி வந்ததுதான் மிச்சம். வண்டி முழுவதும் கழன்று சாக்கில் கிடந்த ஒரு காலையில், மஹ்ரூப் நெஞ்சு நோகிறது என்று கதிரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் மௌத்தாகிவிட்டார்.

உம்மு குல்சூம் இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே வீட்டோடு இருக்கவேண்டும். வெள்ளை உடுப்பு, வாசனை இல்லை, நகை இல்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதும் இல்லை. பிள்ளைகளும் இல்லாத வீடு. நானும் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி முஹ்ஸினும்தான் போய்வந்துகொண்டிருந்தோம்.

சில கிழமை கழித்துத் தவச்செல்வன் சின்ன லொறி ஒன்றோடு வந்து ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு, படலையடிக்கு நடந்து வந்தார். நான் வெளியே போனேன். ஏதோ களவெடுக்க வந்தவரைப் போல மெதுவாகக் கதைத்தார்.

“டீச்சர், சிலாபத்தில ஒரு பாஸ் இருக்கிறார். அக்காவுக்கு ஏன் கரைச்சல்? சாமான்களை நான் ஏத்திக்கொண்டு போறன்.”

உள்ளே போய்ச் சொன்னேன். என்னை ராத்தா என்று அக்கா முறையில் கூப்பிடுகிற உம்மு குல்சூமின் முகம் மாறிவிட்டது.

“அது அமானிதம், ராத்தா. அவர் ஓடுமெண்டு வாக்குக் குடுத்துப் பொறுப்பெடுத்த சாமான். துண்டு துண்டாத் திருப்பிக் குடுத்தா, மஹ்ரூப் பாஸ் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாரெண்டுதானே கடைசிக் கதையா நிக்கும்.”

“பின்ன ஆர் பூட்டுற?”

“நான்.”

“உனக்கென்ன பைத்தியமா? நீ பூட்டினா சனம் கேக்காதா, இவளுக்கு எப்பிடித் தெரியுமெண்டு? அதைக் கேட்டா அடுத்ததா என்ன கேக்கும்?”

அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்கும் தெரியும். அப்போ இவ்வளவு காலமும் கேட்டது ஆருடைய காது என்று கேட்பார்கள். அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது காப்பாற்றிய மரியாதையை, கபுறில் மண் காயும் முன்னே அவளே போட்டுடைப்பதா? பூட்டினாலும் அவருடைய பெயர் போகும், பூட்டாவிட்டாலும் போகும். கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலையெல்லாம் மஹ்ரூப் முடித்துவைத்துவிட்டார், இனிப் பூட்டுவதுதான் மிச்சம், அதை முஹ்ஸின் செய்வான் என்று சொல்லும்படி கேட்டாள். பொய்யைச் சொல்லவேண்டியவள் நான். நல்ல வேலை!

படலைக்குப் போய் முகத்தை இறுக்கிக்கொண்டு ஒப்புவித்தேன். தவச்செல்வன் என்னைப் பார்த்தார். என் தோளுக்கு மேலால் குசினி யன்னல் பக்கமும் ஒருமுறை பார்த்தார். “அப்பிடியா? நல்லது டீச்சர். தீமிதிக்கு முதல் கிழமை வாறன்” என்று லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு லேசில் ஏமாறுகிற ஆள் எப்படிப் படகுத் தொழில் செய்கிறார் என்று நினைத்தேன்.

வேலை தொடங்கியது. வளவைச் சுற்றித் தகரம் இருந்ததால் வெளியே இருந்து யாரும் பார்க்கமுடியாது. ஆனாலும் மூன்றாவது வீட்டுச் சுல்பாவுக்கு மூக்கு இருந்தது. இத்தாவில் வாசனை கூடாதே, பெற்றோல் மணக்கிறதே என்றாள். “பெற்றோலைக் கழுத்தில பூசிக்கொண்டு கலியாணத்துக்கா போறாள்?” என்று நான் கேட்டேன். அவளுக்காகவே முஹ்ஸின் மௌலவியிடமும் போய்க் கேட்டான். சொந்த வளவுக்குள் வேலை செய்வதில் பிழை இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் சுல்பா அடங்கினாள்.

பாரம் தூக்க மட்டும் முஹ்ஸின். அவனுக்கு ஸ்பானருக்கும் குறட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சில்லை மாட்டி, எஞ்சினை ஏற்றி, மற்றதையெல்லாம் உம்மு குல்சூம்தான் செய்தாள். வெள்ளை உடுப்பின் மேல் மஹ்ரூப்பின் பழைய சேட்டைப் போட்டுக்கொண்டாள். பிளக் கழற்றிய துவாரத்துக்குள் கம்பியை விட்டு பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். சிகரட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பொயின்ற் நடுவே வைத்து இழுப்பாள். தாள் விடுபடுகிற இடத்தில்தான் நெருப்புப் பறக்குமாம். அந்த நேரத்தில் அவளோடு கதை கொடுத்தால் கடித்துவிடுவாள். நான் பக்கத்தில் இருந்து, தைக்க வந்த வேறு சேட்டுகளுக்கு அறுந்த தெறி தைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ராத்தா, கவனிச்சீங்களா? ஒழுங்கையில ஒரு வண்டிச் சத்தமும் இல்ல. அவர் போனதோட எல்லாரும் இந்தப் பாதையை விட்டுட்டாங்க.”

எனக்கும் அது புதுமையாக இருந்தது. அடுத்த நாள் பின்னேரம் ஒழுங்கை முனைக்கு நடந்து போனேன். அங்கே ஒருவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வேர்த்து வழிய அவளுடைய வீட்டைத் தாண்டி மற்ற முனைக்குப் போய்த்தான் திரும்ப இயக்கினார்கள். கேட்டேன். “இத்தா வீடெல்லோ, டீச்சர். சத்தம் போடக்கூடாதெண்டு நாங்க கதைச்சு வச்சிருக்கிறம்” என்றார்கள். இப்படி ஒரு சட்டம் எந்தக் கிதாபிலும் இல்லை. யார் முதலில் தொடங்கியது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அதை உம்மு குல்சூமிடம் சொன்னதும் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜனாசா எடுத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. சத்தத்தாலேயே வாழ்ந்தவளுக்கு மரியாதை என்று சொல்லிச் சத்தத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள், பாவிகள்.

“நான் போய் ஓட்டச் சொல்லட்டா?” என்று கேட்டேன்.

“வாணாம், ராத்தா. ‘அவளுக்கு என்னத்துக்குச் சத்தம்’ எண்டு கேப்பாங்க.”

ஆடி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த முஹ்ஸின் முதல்முதல் உதைத்தான். எஞ்சின் திருப்பி உதைத்தது. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அவன் வளவைச் சுற்றி நொண்டினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி உதைத்தபோது வண்டி பிடித்துக்கொண்டது. கொட்டில் தகரமெல்லாம் அதிர்ந்தது. உம்மு குல்சூம் கண்ணை மூடி நின்று கேட்டாள். குனிந்து ஒரு திருகாணியைக் கொஞ்சம் திருப்பினாள். பிறகு, யாரும் பார்க்கக் காத்திருக்காதபோதும், அவளுடைய கை தானாகப் பொத்திக்கொண்டது.

தவச்செல்வன் சொன்னபடியே வந்தார். கறுப்பும் வெள்ளியுமாக நின்ற வண்டியைக் கண்டதும் கிட்டப் போய் நின்றார். அப்பாவின் தோளைத் தொடுவது போல ஆசனத்தைத் தொட்டார். முஹ்ஸின் படலையைத் திறந்து வண்டியை வெளியே விட்டான். அவர் அதை முனைக்குத் தள்ளத் தொடங்கினார். உள்ளே இருந்து உம்மு குல்சூம் என் கையைப் பிடித்து உலுக்கினாள்: “இங்க ஓடச் சொல்லுங்க, ராத்தா. முஹ்ஸினையும் பின்னால ஏத்தச் சொல்லுங்க. நிண்ட இடத்தில கேட்டது காணாது, பாரத்தோட கேக்கோணும்.”

நான் ஓடிப்போய், வண்டி ஓடுவதைப் பார்க்க எனக்கு ஆசை என்று ஒரு கதை விட்டேன். தவச்செல்வன் தயங்கினார். பிறகு முஹ்ஸினை ஏற்றிக்கொண்டு ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பினார். சனம் வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு நல்ல சத்தமாகத்தான் இருந்தது. யன்னலுக்குத் திரும்பி வந்து அவளைப் பார்த்தேன். அவளுடைய முகம் வெளிறியிருந்தது.

“தட்டுது, ராத்தா.”

“என்ன தட்டுது?”

“பாரம் ஏறினா உள்ளுக்குத் தட்டுது. நெருப்பு முந்தி விழுது. இப்பிடியே உடப்புக்குப் போனா பிஸ்டன் போயிரும்.”

“நான் போய்ச் சொல்லட்டா?”

“ஆருக்குக் கேட்டதெண்டு சொல்லுவீங்க?”

அதுதானே. முஹ்ஸினுக்குக் கேட்டது என்றால் ஊர் சிரிக்கும். எனக்குக் கேட்டது என்றால் அதைவிடச் சிரிக்கும். வாயை மூடிக்கொண்டால் வண்டி அப்படியே போய்விடும், நாங்கள் கட்டிய பொய்யும் பத்திரமாக இருக்கும். தவச்செல்வன் முஹ்ஸினை இறக்கிவிட்டு, படலையில் நின்று போய்வருகிறேன் என்று தலையை ஆட்டினார். கியரைப் போட்டார்.

“தம்பி, நிப்பாட்டுங்க!”

இத்தாவில் உட்கார்ந்த நாளிலிருந்து அவளுடைய குரல் அந்த வேலியைத் தாண்டியதில்லை. தவச்செல்வன் உடனே எஞ்சினை நிறுத்தினார். யன்னல் திரைக்குப் பின்னால் நின்றபடி அவளே சொன்னாள்: பாரத்தில் தட்டுகிறது, கொண்டுபோகவேண்டாம், நெருப்பைக் கொஞ்சம் பிந்தவைக்க வேண்டும் என்று. சொல்லிவிட்டு இன்னும் ஒன்றைச் சேர்த்தாள்: “அவர் எல்லாம் சரியாத்தான் வச்சிருந்தார். பூட்டினதிலதான் பிழை. இந்தச் சத்தமும் அவர் கேட்டுச் சொல்லித் தந்ததுதான்.”

தவச்செல்வன் இறங்கி வண்டியை ஸ்டாண்டில் போட்டார். படலையைத் தாண்டி உள்ளே வராமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கோவிக்காதீங்க, அக்கா. நானாவுக்குக் காது கேக்காதெண்டு எங்களுக்குத் தெரியும்.”

நான்தான் கேட்டேன். “எங்களுக்கெண்டா?”

“உடப்பில, முந்தலில... வண்டி கொண்டு வாற எல்லாருக்கும்தான், டீச்சர். நாங்க யன்னலைப் பாத்துக்கொண்டுதானே நிப்பம். அக்காட கை பொத்தினாத்தான் வண்டி சரியெண்டு எடுத்துக்கொண்டு போறது.”

“பின்ன ஏன் ஒருத்தரும் ஒரு நாளும் சொல்லேல்ல?”

“அவர் தேத்தண்ணி எண்டு சொன்னார். அதுக்கு மேல நாங்க என்னத்தைக் கதைக்கிறது? நாங்களும் தேத்தண்ணி எண்டே வச்சுக்கொண்டம்.”

“அப்ப லொறி கொண்டுவந்தது என்னத்துக்கு?”

“இத்தாவில இருக்கிறவவை வேலை வாங்கிறது பாவமெண்டு நினைச்சன். முஹ்ஸின் பூட்டுவாரெண்டு நீங்க சொல்லேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, டீச்சர். அதுதான் டக்கெண்டு போயிட்டன்.”

ஏமாறுகிற ஆள் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முஹ்ஸின் தன் காலைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தான். தவச்செல்வன் வண்டியை உள்ளே விடச் சொல்லிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் குசினிக்குள் போனேன். உம்மு குல்சூம் யன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அழுகையைத்தான் எதிர்பார்த்தேன். அவள் ஏதோ கணக்குப் பார்க்கிறவளைப் போல யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, காது கேக்காத மனுசன் மத்தவங்கட முகத்தைத்தானே பாத்துக்கொண்டிருப்பார்?”

“ஓம்.”

“எல்லாரும் யன்னலைப் பாத்துக்கொண்டு நிண்டா, அவர் அதைக் காணாம இருந்திருப்பாரா?”

காணவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

“கண்டிருப்பார், புள்ள. அவங்களுக்குத் தெரியுமெண்டு அவருக்கும் தெரிஞ்சிருக்கும். தெரியாம இருந்தது நீ மட்டும்தான்.”

“அப்ப ஏன் என்னட்டச் சொல்லேல்ல? ஒளிஞ்சு நிக்கவேண்டிய தேவையே இல்லையே.”

“உனக்கு அந்த யன்னல் எவ்வளவு விருப்பமெண்டு அவருக்குத் தெரியாதா?”

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, இரண்டும் கலந்து அவளுடைய உடம்பைக் குலுக்கியது. அவர் மௌத்தான நாளிலிருந்து துஆவைத் தவிர வேறு எதையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லாதவள், வெள்ளை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல்தடவையாக அவரை ஏசினாள்.

“கள்ள மனுசன்” என்றாள்.